ஆன்லைன் டி.என்.பி. சேரலாமா? வேலையும் பிள்ளைகளும் கடனுமாகப் படித்து முடித்தவர்கள் சொல்லுங்கள்

தென்றல்77:

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சிறிய கிளினிக்கில் குடும்ப நர்ஸ் ப்ராக்டிஷனராக (நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் உயர்நிலை நர்ஸ்) ஆறு வருடமாக இருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் வார்டில் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ். முதுநிலைப் பட்டம்தான் கையில் இருக்கிறது. டி.என்.பி., அதாவது நர்சிங் பணிக்கான முனைவர் பட்டம் (Doctor of Nursing Practice), படிக்கலாமா என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். ஒருமுறை ஒரு பல்கலைக்கழகத்தின் தளத்தில் போன் நம்பரைக் கொடுத்துவிட்டேன், அன்றிலிருந்து சேர்க்கை ஆலோசகர்கள் வாரம் இரண்டு முறை கூப்பிடுகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முழுக்க ஆன்லைன், வேலையை விட வேண்டாம், ஐந்து செமஸ்டரில் முடித்துவிடலாம்.

படித்தவர்களுக்கு வேலையில் என்ன மாறியது? சம்பளம் கூடியதா? மருந்து எழுதும் உரிமை ஏதாவது கூடுமா? இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்? விளம்பரத்தில் இருப்பது எனக்குத் தெரியும், நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்.

பழைய_ஸ்டெதாஸ்கோப்:

நான் முதுநிலைக்குப் பிறகான டி.என்.பி.யை ஆன்லைனில் முடித்து ஆறு வருடம் ஆகிறது. முதலில் உரிமை பற்றிய கேள்விக்குப் பதில், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உரிமை எதுவும் அதிகமாகாது. நீங்கள் ஏற்கெனவே தேசியத் தேர்வு எழுதி, மாநில நர்சிங் போர்டு லைசென்ஸ் கொடுத்து வேலை பார்க்கிறீர்கள். டி.என்.பி. வந்த மறுநாளும் அதே லைசென்ஸ், அதே மருந்துப் பட்டியல், அதே நோயாளிகள். டாக்டரின் மேற்பார்வை ஒப்பந்தம் இல்லாமல் வேலை பார்க்கலாமா கூடாதா என்பதை மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனியாகவே பார்க்கலாம், டெக்சாஸில் முடியாது. டெக்சாஸில் இருக்கிற ஒருவர் டி.என்.பி. வாங்கிவிட்டால் அந்த ஒப்பந்தம் போய்விடாது.

"இனிமேல் டி.என்.பி. கட்டாயமாகிவிடும், இப்போதே சேருங்கள்" என்று ஆலோசகர் சொல்லியிருப்பார். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் 2004ல் ஒரு தீர்மானம் போட்டது, உயர்நிலை நர்சிங் பணிக்கான படிப்பு 2015க்குள் முதுநிலையிலிருந்து முனைவர் நிலைக்குப் போக வேண்டும் என்று. 2015 வந்தது, போனது. 2018ல் நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்புகளுக்கான தேசிய அமைப்பு 2025 என்று இன்னொரு கெடு வைத்தது, அதுவும் போயிற்று. முதுநிலை முடித்தவர்கள் இன்றும் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்குகிறார்கள். பயந்துகொண்டு சேர வேண்டாம்.

நேரம்: வாரத்துக்கு 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டத்துக்காகச் செய்யும் ப்ராஜெக்ட் நடக்கும் செமஸ்டரில் 20க்கு மேல். புதன்கிழமைக்குள் ஒரு விவாதப் பதிவு, ஞாயிறுக்குள் இரண்டு பேருக்குப் பதில், நடுவில் ஒரு கட்டுரை, அதில் மேற்கோள்கள் ஏ.பி.ஏ. என்ற எழுத்து முறையின் ஏழாம் பதிப்புப்படி. விரிவுரையை ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் பதினொரு மணிக்கு மூளை கேட்காது, நான் காலை நாலரைக்கு எழுந்து படித்தேன்.

சம்பளம்: பட்டம் வந்ததும் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து மருத்துவமனையில் தர மேம்பாட்டுப் பொறுப்புக்கு என்னை எடுத்தார்கள், அப்போதுதான் கூடியது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எதற்காகப் படிக்க நினைக்கிறீர்கள்?

மயக்கமருந்து:

ஸ்டெதாஸ்கோப் அக்கா சொன்னதில் ஒரு திருத்தம், எங்கள் துறைக்கு மட்டும். மயக்கமருந்து நர்ஸ் ஆக வேண்டும் என்றால் தப்பிக்க வழியில்லை. 2022 ஜனவரி 1க்குப் பிறகு சேரும் எல்லா மாணவர்களும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர வேண்டும். நான் இப்போது இரண்டாம் வருடம்.

ஆனால் "ஆன்லைன் மயக்கமருந்து டி.என்.பி." என்று யாராவது விற்றால் நன்றாக விசாரியுங்கள். கொள்கை, புள்ளியியல், தலைமைப் பண்பு மாதிரியான பாடங்கள் ஆன்லைனில் இருக்கலாம். குறைந்தது 600 கேஸ், 2,000 கிளினிக்கல் மணி நேரம், இது ஆபரேஷன் தியேட்டரில் நின்றால்தான் வரும். சேருவதற்கே குறைந்தது ஒரு வருட ஐ.சி.யூ. அனுபவம் கேட்பார்கள். படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம் என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை, நான் சேமிப்பில்தான் வாழ்கிறேன்.

வார்டு_நம்பர்_9:

நான் பாதியில் விட்டவள். யாராவது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

தென்றல், உங்களுடையது முதுநிலைக்குப் பிறகான படிப்பு. நான் பி.எஸ்.சி.யிலிருந்து நேராக டி.என்.பி. சேர்ந்தேன், நர்ஸ் ப்ராக்டிஷனர் பயிற்சியும் அதற்குள்ளேயே. பாடங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயின, மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. பிரச்சினை கிளினிக்கல் பயிற்சியில் வந்தது. சேரும்போது "ப்ரிசெப்டர் கிடைக்க நாங்கள் உதவுவோம்" என்றார்கள். ப்ரிசெப்டர் என்றால் கிளினிக்கில் கூட இருந்து பயிற்சி கொடுப்பவர். உதவி என்று வந்தது ஒரு எக்செல் தாள், அதில் பழைய மாணவர்கள் பயிற்சி பெற்ற கிளினிக்குகளின் போன் நம்பர்கள். நாற்பது இடத்துக்குக் கூப்பிட்டேன். பாதிப் பேர் ஏற்கெனவே பக்கத்துப் பல்கலைக்கழகத்து மாணவர்களை வைத்திருந்தார்கள், மீதிப் பேர் மாணவர்களே வேண்டாம் என்றார்கள். கடைசியில் ஒருவர் சரி என்றார், ஆனால் அவருடைய மருத்துவமனைக்கும் என் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் கிடையாது. இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒரு இன்சூரன்ஸ் வரிக்காக மூன்று மாதம் கடிதம் எழுதிக்கொண்டார்கள், செமஸ்டர் போய்விட்டது. அடுத்த செமஸ்டருக்குள் அந்த ப்ரிசெப்டர் வேலை மாறிப் போய்விட்டார்.

இன்னொன்று. நான் இருப்பது மாநில எல்லையோரம். ஆற்றைத் தாண்டினால் ஒரு கிளினிக் இருந்தது, ஆனால் அங்கே பயிற்சி எடுக்க அந்த மாநிலத்து ஆர்.என். லைசென்ஸ் வேண்டும். ஆர்.என். கூட்டு லைசென்ஸ் ஒப்பந்தத்தில் இரண்டு மாநிலமும் இருந்தால் பிரச்சினையில்லை, என்னுடையது இல்லை. போதாக்குறைக்கு அந்தப் படிப்பு அங்கே அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்தின் லைசென்ஸ் விதிக்கும் தங்கள் படிப்பு பொருந்துமா இல்லையா என்று பல்கலைக்கழகம் சொல்லியே ஆக வேண்டும், அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், உங்கள் மாநிலம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று.

நான் கட்டிய பணம் திரும்ப வரவில்லை. பாடத்தில் தோற்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பழைய_ஸ்டெதாஸ்கோப்:

வார்டு 9, இதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. எழுதியதற்கு நன்றி. இது உங்கள் தோல்வி கிடையாது, பயிற்சிக்கு இடம் ஏற்பாடு செய்ய முடியாத பல்கலைக்கழகம் மாணவர்களைச் சேர்க்கவே கூடாது. 2022ல் வந்த தேசிய விதிகளில் நர்ஸ் ப்ராக்டிஷனர் மாணவர்களுக்கான நேரடி நோயாளிப் பராமரிப்பு 500 மணி நேரத்திலிருந்து 750 ஆகிவிட்டது, அதனால் இடத்துக்கு நெருக்கடி இன்னும் கூடும்.

தென்றலுக்கு ஒரு குறிப்பு. டி.என்.பி.க்கு இளநிலைக்குப் பிறகு மொத்தம் 1,000 மணி நேரப் பயிற்சி என்பது 2006லிருந்து வழக்கத்தில் இருக்கும் கணக்கு. முதுநிலையில் செய்ததைப் பெரும்பாலும் கழித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அங்கே 600 இருந்தால் மீதி 400. ஆனால் அந்த 600ஐ உங்கள் பழைய கல்லூரி கையெழுத்துப் போட்டுக் கடிதமாகக் கொடுக்க வேண்டும், இதை இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள். என்னோடு படித்த ஒருவரின் பழைய கல்லூரியில் அந்தப் பதிவைத் தேடி எடுக்கவே ஒரு செமஸ்டர் ஆனது.

நூலகப்_பூனை:

நான் பி.எச்.டி. பக்கம். நர்சிங்கில் முனைவர் பட்டம் என்றாலே ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்து, பிறகு வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.எச்.டி. புதிய அறிவை உண்டாக்க. டி.என்.பி. இருக்கும் அறிவை நோயாளியின் படுக்கை வரைக்கும் கொண்டுவர. ஆராய்ச்சி மானியம் வாங்கிச் சொந்தமாக ஆய்வுக்குழு நடத்த ஆசையென்றால் டி.என்.பி. அதற்கான வழி இல்லை. கற்பிக்கலாம், ஆனால் சில பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பேராசிரியர் பதவிக்குப் பி.எச்.டி.தான் கேட்பார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த டி.என்.பி. ப்ராஜெக்டுகளில் பல இப்படித்தான் இருந்தன: ஊழியர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு, வகுப்புக்கு முன் பத்துக் கேள்வி, பின் அதே பத்துக் கேள்வி, மதிப்பெண் கூடியது, வெற்றி. நோயாளிக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. இதற்கு முனைவர் பட்டமா என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

பழைய_ஸ்டெதாஸ்கோப்:

பூனை, கோபம் நியாயம்தான், நானும் அப்படிப்பட்டவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது படிப்பின் இயல்பு இல்லை, வழிகாட்டியின் சோம்பல். என்னுடையதைச் சொல்கிறேன்.

எங்கள் வார்டில் சிறுநீர்க் குழாயைத் தேவைக்கு மேல் பல நாள் விட்டு வைப்பார்கள், தொற்று வரும். குழாய் இன்னும் தேவையா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் நர்ஸே பார்த்து, வரையறைக்குள் இருந்தால் டாக்டருக்காகக் காத்திராமல் எடுத்துவிடலாம் என்ற நடைமுறையைக் கொண்டுவந்தேன். குழாயைச் சீக்கிரம் எடுத்தால் தொற்று குறையும் என்பது பல வருடமாகத் தெரிந்ததுதான், அதை நான் நிரூபிக்கத் தேவையில்லை. தெரிந்தும் ஏன் நடக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் பகல் ஷிப்டில் அதற்கான படிவம் நிரம்புகிறது, இரவில் காலி. இரவு நர்ஸ்களுக்கு அக்கறை இல்லை என்று மேலாளர் சொன்னார். நான் போய் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். படிவம் வைத்திருந்த அறையை ஏழு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள்! அவ்வளவுதான் விஷயம். படிவத்தை எடுத்து மருந்து வண்டியில் வைத்தோம். அதற்கப்புறம் 1,000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்குக் குழாய் இருக்கும் ஒரு நாள் ஒரு குழாய் நாள்) எத்தனை தொற்று என்று மாதாமாதம் கோட்டுப் படத்தில் குறித்துக்கொண்டே வந்தோம், கோடு இறங்கியது.

மாற்று, பார், கற்றுக்கொள், மறுபடி மாற்று. இந்தச் சுழற்சியை ஒழுங்காகச் செய்யவும், செய்ததை அடுத்தவர் நம்பும்படி எழுதவும்தான் அங்கே கற்றேன். பதினைந்து வருட வார்டு அனுபவம் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை.

கணக்கு_நோட்டு:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். என் மனைவி படித்தார், கணக்கு வைத்தது நான்.

முதுநிலைக்குப் பிறகான டி.என்.பி. பெரும்பாலும் 30லிருந்து 40 க்ரெடிட் (கட்டணத்தைக் கணக்கிடும் பாட அலகு). ஒரு க்ரெடிட் 1,000 டாலர் என்றால் 35 க்ரெடிட்டுக்கு 35,000. அதோடு தொழில்நுட்பக் கட்டணம், வளாகத்துக்கு நேரில் போகும் நாட்களுக்கு விமானமும் ஓட்டலும். "முழுக்க ஆன்லைன்" என்ற படிப்புகளிலும் வருடத்துக்கு ஒருமுறை மூன்று நாள் வரச் சொல்வது உண்டு, எழுதிக் கேளுங்கள். ப்ராஜெக்ட் முடியாமல் ஒரு செமஸ்டர் நீண்டால் அந்தச் செமஸ்டருக்கும் கட்டணம், இதைப் பெரும்பாலானோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கடன் விதி மாறிவிட்டது. 2026 ஜூலை 1க்குப் பிறகு புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிராட் பிளஸ் என்ற, படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த அரசுக் கடன் கிடையாது. பட்டமேற்படிப்புக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000. தொழில்முறைப் பட்டம் என்ற பிரிவில் வந்தால் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000. மருத்துவம், சட்டம் எல்லாம் அதில் இருக்க, கல்வித்துறை முன்வைத்த வரையறையில் நர்சிங் சேரவில்லை. முதுநிலைக்குப் பிறகு பகுதிநேரமாகப் படிப்பவருக்கு இது தாங்கும். பி.எஸ்.சி.யிலிருந்து நேராகப் போகிறவருக்கும் மயக்கமருந்து மாணவர்களுக்கும்தான் அடி விழுகிறது.

வேலை கொடுப்பவர் கட்டும் படிப்புப் பணத்தில் வருடம் 5,250 டாலர் வரை வரி இல்லை. அதனால் படிப்பை மூன்று காலண்டர் வருடத்தில் விழும்படி பிரித்தால் மூன்று முறை கிடைக்கும், என் மனைவி அப்படித்தான் செய்தார். வாங்கினால் இரண்டு வருடம் வேலையை விடக்கூடாது என்ற மாதிரி நிபந்தனை இருக்கும், கையெழுத்துக்கு முன் படியுங்கள். பிறகு கற்பிக்கப் போவதாக இருந்தால் நர்சிங் ஆசிரியர் கடன் திட்டம் என்று ஒன்று உண்டு, உங்கள் பள்ளி அதில் இருந்தால், கற்பிக்கும் வருடங்களுக்கு 85 சதவீதம் வரை கடனைத் தள்ளுகிறார்கள்.

அங்கீகாரத்தைப் பள்ளியின் தளத்தில் பார்க்க வேண்டாம். நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்புகளின் தளத்திலேயே பள்ளியின் பெயரைத் தேடுங்கள். பி.எஸ்.சி. படிப்புக்கு அங்கீகாரம் இருந்து டி.என்.பி.க்கு இல்லாமலும் இருக்கலாம்.

புதுமுகம்:

நான் இந்தியாவில் எம்.எஸ்.சி. நர்சிங் முடித்தவன். இங்கிருந்தே அமெரிக்க ஆன்லைன் டி.என்.பி. படித்தால் அங்கே வேலைக்கு வர வழி கிடைக்குமா?

பழைய_ஸ்டெதாஸ்கோப்:

தம்பி, வேண்டாம். இந்தப் படிப்புகளில் சேரவே அமெரிக்க ஆர்.என். லைசென்ஸ் கேட்பார்கள். ஆன்லைன் படிப்புக்காக மாணவர் விசாவும் கிடைக்காது, அந்த விசாவில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் முழுநேரக் கணக்கில் சேர்ப்பார்கள். முதலில் ஆர்.என். லைசென்ஸுக்கான என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வை எழுதுங்கள், ஆர்.என்.ஆக வாருங்கள், மற்றது பிறகு. யாராவது முகவர் இந்தப் பட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தென்றல்77:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதற்காகப் படிக்க நினைக்கிறீர்கள் என்று அக்கா கேட்டதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை. பதில் இல்லாமல் இல்லை, சொல்லக் கஷ்டமாக இருந்தது.

போன வருடம் என் நோயாளி ஒருவருக்குச் சர்க்கரை நோயால் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மருத்துவமனைக் குறிப்பு வந்தபோது நான் அவருடைய பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். கடைசியாக யாரோ பாதத்தைச் சோதித்ததாகப் பதிவு இருந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். அந்த இரண்டு வருடத்தில் ஐந்து முறை அவர் என்னிடம்தான் வந்திருக்கிறார். ஐந்து முறையும் ஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன், மருந்தை மாற்றினேன். ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது முழுப் பாதச் சோதனை என்பது எனக்குத் தெரியாதா? பாடத்தில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். பதினைந்து நிமிட அப்பாயின்ட்மென்ட், அதில் சாக்ஸ் கழற்றி மாட்டவே ஐந்து நிமிடம், அடுத்தவர் வெளியே காத்திருக்கிறார், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். மற்றவர்களின் நோயாளிகளையும் எடுத்துப் பார்த்தேன், எங்கள் கிளினிக் முழுக்கவே இப்படித்தான்.

இதை மாற்ற வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. மேலாளரிடம் ஒருமுறை சொன்னேன், "எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்" என்றார். அனுப்பினோம். ஒன்றும் மாறவில்லை.

நூலகப்_பூனை:

தென்றல், நான் மேலே எழுதிய கோபம் உங்களுக்கு இல்லை. நீங்கள் சேருங்கள். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், எத்தனை பேர் பாதத்தைச் சோதித்தீர்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள், சோதனையில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தவர்களில் எத்தனை பேர் பாத மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் எண்ணுங்கள்.

பழைய_ஸ்டெதாஸ்கோப்:

இதுதான் உங்கள் ப்ராஜெக்ட், வேறு தேட வேண்டாம். மின்னஞ்சலால் எந்த வேலையும் மாறுவதில்லை, வேலை நடக்கும் வரிசையை மாற்ற வேண்டும். சர்க்கரை நோயாளியை அறைக்குள் கூட்டிவரும்போதே மருத்துவ உதவியாளர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லிவிட்டால், நீங்கள் உள்ளே நுழையும்போது வெறும் கால் கண்ணெதிரே இருக்கும். பார்க்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு அறையிலும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் (பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் நைலான் இழை) ஒன்று. பதிவை நிரப்பத் திரையிலேயே ஒரு இடம்.

சேருவதற்கு முன்னாலேயே பழைய மூன்று மாத எண்ணிக்கையை எடுத்து வைக்கலாம், ஆனால் உங்கள் நிறுவனத்தில் யார் அனுமதிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டுவிட்டு. பிறகு பள்ளி வழியாக ஆய்வு நெறிக் குழுவுக்குப் போகும்போது இது தர மேம்பாடு, மனித ஆய்வு இல்லை என்று அவர்கள் தீர்மானித்துக் கடிதம் கொடுக்க வேண்டும், அதற்கு முன் ப்ராஜெக்ட் வேலையைத் தொடங்கிவிட்டால் சிக்கல்.

பள்ளியிடம் நான் இப்போது சேர்ந்தால் கேட்கக்கூடியது: என் கிளினிக்கிலேயே ப்ராஜெக்ட் செய்யலாமா, அதற்கான ஒப்பந்தத்தை யார் போடுவார்கள், எவ்வளவு நாள் ஆகும், வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்களைப் பார்க்கிறார், போன மூன்று வருடத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள். போனில் சொல்வதை ஏற்க வேண்டாம்.

வார்டு_நம்பர்_9:

ஆமாம். எழுத்தில்.

தென்றல்77:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நான்கு பள்ளிகளுக்கு அந்தக் கேள்விகளை அனுப்பினேன். ஒன்றிலிருந்து டி.என்.பி. இயக்குநரே பதில் எழுதினார், ஒப்பந்தத்தின் மாதிரியையும், வழிகாட்டிக்கு ஆறு மாணவர்களுக்கு மேல் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்து. இரண்டு பள்ளிகளின் ஆலோசகர்கள் மறுபடி போன் செய்தார்கள், எழுதி அனுப்புங்கள் என்றேன், இன்னும் வரவில்லை. நான்காவது பள்ளி என் மாநிலத்தில் மாணவர்களைச் சேர்ப்பதே இல்லையாம், கேட்டிருக்காவிட்டால் விண்ணப்பக் கட்டணம் போயிருக்கும். முதல் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறேன். பழைய கல்லூரியிலிருந்து மணி நேரக் கடிதமும் வந்துவிட்டது, 620.

ப்ராஜெக்ட் என்று எதையும் தொடங்கவில்லை, ஆனால் என் நோயாளிகளுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்ய யார் அனுமதியும் தேவையில்லை என்பதால் என் இரண்டு அறையிலும் ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். என்னோடு இருக்கும் மருத்துவ உதவியாளர் முதல் நாளே பழகிவிட்டார். நேற்று ஒருவருக்கு இரண்டு விரலுக்கு நடுவில் புண், அவருக்கே தெரியாது, வலிக்கவே இல்லை என்றார். அன்றைக்கே பாத மருத்துவருக்கு அனுப்பிவிட்டேன்.

அக்கா, ஒரு சின்னச் சந்தேகம். அறைக்கு ஒரு மோனோஃபிலமென்ட் போதுமா?

பழைய_ஸ்டெதாஸ்கோப்:

இரண்டு வையுங்கள். ஒன்றையே தொடர்ந்து பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தினால் வளையத் தொடங்கி அழுத்தம் குறைந்துவிடும், அதை ஒரு நாள் ஓய்வாக விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

அந்த விரல் புண்காரர் பாத மருத்துவரிடம் போனாரா என்று வெள்ளிக்கிழமை ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தென்றல்77:

போட்டேன் அக்கா. நாளைக்குக் காலை பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட், மகள் கூட்டிக்கொண்டு போகிறாராம்.